விற்பவனின் மௌனம்

பொய் சொல்லி ஒரு பொருளை விற்பது பிழை என்பதிலே எவருக்கும் ஐயமில்லை. ஆனால், பொய் எதுவும் சொல்லாமல், வாயை மூடிக்கொண்டு மாத்திரம் இருந்து ஒருவன் தன் வீட்டை விற்றுவிட்டால்? கூரை மரத்தைக் கறையான் தின்றுவிட்டது என்பது அவனுக்குத் தெரியும். வாங்க வந்தவனுக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. உறுதி எழுதப்பட்டுப் பணமும் கைமாறிவிட்டது. முதல் மாரியிலே வளை முறிந்து ஓடு சரிகின்றது. விற்றவன் செய்த குற்றம் என்ன? அவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையேனும் எடுத்துக் காட்டி, இது பொய் என்று நாம் கூற முடியாது.

இக்கேள்வி மிகப் பழையது. கி.மு. 44இல், ஏதென்சு நகரிலே கல்வி கற்றுக்கொண்டிருந்த தம் மகனுக்குச் சிசரோ எழுதிய 'கடமைகள்' என்னும் நூலின் மூன்றாம் பாகத்திலே இக்கேள்வியே பெரிதும் ஆராயப்படுகின்றது. நல்லவன் ஒருவன் தன் வீட்டை விற்க முற்படுகின்றான். அவ்வீடு நோய் தருவது. ஊரார் அதனை உடலுக்கு உகந்த வீடென்று எண்ணுகின்றனர். படுக்கையறை தோறும் பாம்பு வருகின்றது. மரங்கள் பழுதானவை, எவ்வேளையும் விழக்கூடும். இவை யாவும் வீட்டுக்காரனுக்கு மாத்திரமே தெரியும். இவற்றைச் சொல்லாமல், தான் எதிர்பார்த்ததிலும் கூடிய விலைக்கு அவன் விற்றுவிட்டால் அது அநீதியா?

சிசரோ இவ்வழக்கை இரண்டு தத்துவஞானிகளிடம் ஒப்படைக்கின்றார். பாபிலோனைச் சேர்ந்த தயோசனிசு ஒருவர். அவருடைய மாணவரான அந்திப்பாத்தர் மற்றவர். மாணவர் கூறுவது எளிது: வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதையே ஏதென்சு மக்கள் சாபத்துக்குரிய பாவமாகக் கருதினர், வாங்குபவன் ஏமாந்து அழிவுக்குள் விழுவதைத் தெரிந்துகொண்டே பார்த்திருப்பது அதனிலும் கொடிது. ஆசிரியர் விடவில்லை. வாங்கு என்று உன்னை யாராவது வற்புறுத்தினார்களா? தனக்குப் பிடிக்காததை அவன் விற்றான். உனக்குப் பிடித்ததை நீ வாங்கினாய். 'அழகிய வீடு, நன்றாகக் கட்டிய வீடு' என்று விளம்பரம் செய்பவனையே, வீடு அப்படி இல்லாதபோதும், ஏமாற்றுக்காரன் என்று நாம் சொல்வதில்லை. சொன்னதற்கே பொறுப்பில்லாதபோது, சொல்லாததற்கு எங்ஙனம் பொறுப்பு வரும்? தன் சரக்கின் குறையைத் தானே கூவி விற்பவனைவிடப் பெரிய மூடன் உண்டா? ஏலக்காரன் ஒருவன், 'நோய் பிடித்த வீடு விற்கின்றேன்' என்று சத்தமிடுவதை எண்ணிப் பாருங்கள் என்று அவர் கேலியும் செய்கின்றார்.

தயோசனிசு மடையரல்லர். மறைத்தல் வேறு, சொல்லாதிருத்தல் வேறு என்று அவர் காட்டும் வேறுபாட்டிலே உண்மை இருக்கின்றது. இந்நேரம் எனக்குத் தெரிந்தவையெல்லாவற்றையும் நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அதனால் நான் உங்களை ஏமாற்றுபவன் ஆகிவிட மாட்டேன். சிசரோ இதனை ஒப்புக்கொண்டே தீர்ப்புச் சொல்கின்றார். வெறுமனே பேசாதிருப்பது மறைத்தலாகாது. எவன் அறிவது எவனுக்கு நன்மையோ, அவன் அறியாதிருக்க வேண்டுமென்று, உன் இலாபத்துக்காக நீ விரும்பும்போது, அந்தப் பேசாமை மறைத்தலாகின்றது. இரு மௌனங்களுக்குமுள்ள வேறுபாடு அவற்றினாலே யாருக்கு இலாபம் என்பதிலே இருக்கின்றது.

வாய்மை பற்றிய குறள் அதிகாரத்தை இவ்விடத்திலே நினைவுகூரலாம். வள்ளுவர் வாய்மையை அளப்பதற்குக் கொண்ட கோல், சொல் நிகழ்ச்சியோடு பொருந்துகின்றதா என்பதன்று. பிறருக்குத் தீங்கு விளைகின்றதா என்பதே. சொல்லை அளக்கும் அதே கோலினாலே சொல்லாமையையும் அளக்கலாம் என்பது என் கருத்து. உரையாசிரியர்கள் இவ்வழியிற் செல்லாவிட்டாலும், அக்கோலின் இயல்பு அதற்கு இடங்கொடுக்கின்றது.

உரோம நீதிமன்றம் தத்துவஞானிகளுக்காகக் காத்திருக்கவில்லை. சிசரோ தரும் வழக்கொன்று உண்டு. செலியன் குன்றிலே கிளாடியசு செந்துமாலசு என்பவனுக்கு உயரமான வீடொன்று இருந்தது. கப்பித்தோல் குன்றிலே நின்று பறவைச் சகுனம் பார்க்கும் குருமார், தம் பார்வையை மறைக்கும் பாகங்களை இடித்துவிடுமாறு அவனுக்குக் கட்டளையிட்டனர். அவன் இடிக்கவில்லை, வீட்டை விற்பனைக்கு விட்டான். கல்பூர்ணியசு என்பவன் வாங்கினான். அதே கட்டளை அவனுக்கும் வந்தது, அவன் இடித்தான். பின்னரே, முன்னவன் கட்டளை கிடைத்த பிறகு வீட்டை விற்றான் என்பதை அறிந்து வழக்குத் தொடுத்தான். நீதிபதியாக அமர்ந்த மார்க்கசு கேத்தோ, விற்றபோது அவன் அதனை அறிந்திருந்தும் சொல்லாதபடியால், வாங்கியவனின் நட்டத்தை அவனே ஈடுசெய்ய வேண்டுமெனத் தீர்த்தார். வீட்டு விற்பனையில் அறிந்த குறையைச் சொல்லவேண்டும் என்ற கடமை, ஆக, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நீதிமன்றத்திலே நிலைபெற்றுவிட்டது.

ஆனால், இச்சட்டத்தின் மற்றொரு வேர் நம்மைத் தலைகுனிய வைப்பது. உரோமச் சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள் ஒரு கட்டளை பிறப்பித்திருந்தனர். அடிமைகளை விற்போர், ஒவ்வோர் அடிமைக்கும் என்ன நோய், என்ன குறை, அவன் ஓடிப்போகும் இயல்பினனா, ஊர் சுற்றுபவனா, பிறருக்கு இழைத்த தீங்குக்குப் பொறுப்புச் சுமந்தவனா என்பவற்றை வெளிப்படையாகத் தெரிவிக்கவேண்டும். அதனை எழுதித் தொங்கவிடவும் வேண்டும். தெரிவியாது விற்றால் ஆறு மாதத்துக்குள் வாங்கியவன் அடிமையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். ஓராண்டுக்குள் விலையிற் குறைப்புக் கேட்கலாம். மாடு, குதிரைகளுக்கும் இதுபோன்ற விதி இருந்தது. காலப்போக்கிலே, ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தினியன் சட்டத் தொகுப்பு உருவான வேளையில், இவ்விதி எல்லாப் பொருள்களின் விற்பனைக்கும் விரிந்துவிட்டது. இன்று நாம் வீட்டுக் கூரைக்கு மேற்கொள்ளும் நீதி, மனிதனின் கழுத்திலே தொங்கிய அட்டையிலிருந்து வந்தது.

இதனை நின்று நோக்க வேண்டும். சந்தையிலே அந்த அட்டை முற்றிலும் நேர்மையானது. விற்பவன் எதையும் மறைக்கவில்லை; வாங்குபவன் எதிலும் ஏமாறவில்லை. இருவருக்குமிடையே நம்பிக்கை, நன்னோக்கு, சம நீதி யாவும் உண்டு. இடையிலே நிற்பவனை மாத்திரம் எவரும் கேட்கவில்லை. ஓடிப்போவது அவனிடத்துள்ள 'குறை' என்று எழுதப்பட்டது. ஆகவே, குறையைச் சொல்லும் கடமையை நாம் எவ்வளவு போற்றினாலும், அது உடைமையாளர் இருவருக்கிடையே பிறந்த அறம் என்பதை மறத்தலாகாது. பேரத்திலே இடம்பெறாதவனை அது காண்பதில்லை. வீட்டு விற்பனையிலும் அத்தகையோர் இருக்கின்றனர். கூலி கொடுத்துக் குடியிருப்பவன், விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் தெரிந்தே இருக்கும் வெடித்த சுவரின் கீழே படுத்துறங்குகின்றான். அவனுக்கு எவரும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை என்று இரு உடைமையாளரும் எண்ணிக்கொள்கின்றனர்.

இங்கிலாந்தின் சட்டம் வேறு வழியே சென்றது. 1603இலே பொற்கொல்லன் ஒருவன், விலங்கின் வயிற்றில் விளையும் மருந்துக்கல் என்று கூறி ஒரு கல்லை 100 பவுணுக்கு விற்றான். அது அக்கல் அன்று. உத்தரவாதம் கொடுக்காமல் வெறுமனே கூறியதற்காக விற்றவன் மீது வழக்கில்லை என்று நீதிபதிகள் கூறினர். வாங்குபவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்ற இலத்தீன் முதுமொழி, வணிகம் தலையெடுத்த அந்நாட்டிலே சட்டத்தின் உயிராயிற்று. இலத்தீனிலே இருப்பதால் அது உரோமருடையதெனப் பலர் எண்ணுவர். உரோமச் சட்டம் எதிர்த் திசையிற் சென்றதை மேலே கண்டோம்.

இம்முதுமொழியின் முழுக் கோலத்தையும் காண விரும்புவோர் அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநில உயர் நீதிமன்றம் 1942இலே தந்த தீர்ப்பைப் பார்க்கலாம். 1938இல் ஒருவர் குடியிருக்க வீடு வாங்கினார். வீட்டைக் கறையான் அரித்திருந்தது. விற்றவருக்கு அது தெரியும். ஏறக்குறைய இரண்டாண்டு கழிந்தே வாங்கியவருக்குத் தெரிந்தது. பொய் சொல்லப்படவில்லை, கேள்வியும் கேட்கப்படவில்லை. வழக்குத் தள்ளுபடியாயிற்று. மனித இயல்பின் பலவீனத்தின் மேல் இவ்வளவு உயர்ந்த இலட்சியத்தைச் சுமத்தும் நிலைக்குச் சட்டம் இன்னும் வரவில்லை என்ற கருத்துப்பட நீதிமன்றம் கூறிற்று. இதிலே பலவீனமான மனிதன் யார்? வீட்டை விற்றது ஒரு சேமிப்பு வங்கி! வங்கியின் இயல்பிலே உள்ள பலவீனத்துக்கு இரக்கம் காட்டப்பட்டது. கறையானுக்குப் பணம் செலவிட்டவரின் பலவீனம் கணக்கில் வரவில்லை.

அத்தீர்ப்பிலே ஒரு வாதம் மாத்திரம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. விற்பவன் மறைந்த குறையைச் சொல்ல வேண்டுமென்றால், விற்பவன் அறியாத மறைந்த சிறப்பொன்றை அறிந்த வாங்குபவனும் அதைச் சொல்ல வேண்டுமன்றோ? தர்க்கத்தின்படி இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆயினும், இருவர் நிலையும் ஒன்றன்று. வீட்டிலே பத்தாண்டு வாழ்ந்தவன், வாழ்ந்ததனாலேயே அதன் குறையை அறிந்தான். அதற்கென அவன் எந்த முயற்சியும் செய்யவில்லை. அரைமணி நேரம் சுற்றிப் பார்ப்பவன் எத்துணைக் கூர்மையானவனாயினும் மாரிகாலத்து ஒழுக்கைக் கோடையிலே காண முடியாது. மேலும், சிறப்பை அறியாமல் விற்றவன் தான் கேட்ட விலையைப் பெற்றுக்கொண்டு போகின்றான். குறையை அறியாமல் வாங்கியவனோ, பிள்ளைகளோடு அக்கூரையின் கீழே படுக்கப் போகின்றான். ஓர் இலாபத்தை இழப்பதும் ஓர் உறைவிடத்தை இழப்பதும் தராசிலே சமமாகா. வாங்குபவன் ஏழைக் கிழவியின் காணியிலே கனிப்பொருள் இருப்பதை இரகசியமாக அறிந்த கம்பனியாயிருப்பின், அங்கே அவனும் பேசவேண்டும் என்றே நான் சொல்வேன். தர்க்கம் அவ்வளவு தூரம் நம்மை இழுத்துச் சென்றால், செல்வதிலே நட்டமில்லை.

அமெரிக்க நீதிமன்றங்களும் மெல்ல மெல்லத் திரும்பின. 1960இலே வோஷிங்டன் மாநிலத்தின் உயர் நீதிமன்றம், அதே கறையான் விடயத்திலே, தெரிந்து சொல்லாதிருப்பது மோசடியே என்றது. 1985இலே புளோரிடா, ஒழுகும் கூரை பற்றிய வழக்கொன்றிலே பழைய முதுமொழியைக் கைவிட்டது. 1987 முதல் கலிபோர்னியாவிலே விற்பவன் வீட்டின் குறைகளைக் குறித்த படிவத்திலே எழுதிக் கொடுக்கவேண்டும். 1991இலே நியூயோர்க்கில் வேடிக்கையான வழக்கொன்று: தன் வீட்டிலே பேய்கள் உலாவுவதாகப் பத்திரிகைகளுக்குச் சொல்லிப் புகழ்பெற்ற ஒருவர், வெளியூரிலிருந்து வாங்க வந்தவருக்கு மாத்திரம் அதைச் சொல்லவில்லை. சட்டத்தைப் பொறுத்தவரை இவ்வீட்டிலே பேய் உண்டு என்று நீதிமன்றம் கூறி, வாங்கியவர் விலகிக்கொள்ள இடமளித்தது. பேயை நம்பாத நாமும் அத்தீர்ப்பை நம்பலாம். ஊருக்குச் சொன்னதை வாங்குபவனுக்கு மறைத்ததே அங்கே குற்றம்.

அதே நியூயோர்க்கிலே, 2002 முதல் நடைமுறையிலிருந்த சட்டம் விற்பவனுக்கு ஒரு வழியையும் திறந்துவிட்டிருந்தது. குறைகளைத் தெரிவிக்கும் படிவத்தைக் கொடுக்க விரும்பாதவன் வாங்குபவனுக்கு 500 டொலர் கழித்துக் கொடுத்தாற் போதும். பலர் அவ்வாறே செய்தனர். உண்மைக்கு விலை 500 டொலர் என்று சட்டமே எழுதி வைத்த காலம் 2024 மார்ச்சு 20ஆம் நாள் வரை நீடித்தது. கடமையைப் பணத்தாற் கழித்துவிடலாம் என்று சொன்ன கணமே அது கடமை என்னும் நிலையை இழந்து செலவுக் கணக்கிலே ஒரு வரியாகிவிடுகின்றது.

நம் நாட்டுக்கு வருவோம். கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் சட்டத்தையும் கொணர்ந்தனர். 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தினாலே ஆங்கிலேயர் அதனை நிலைநிறுத்தினர். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அசையும் பொருள்களை ஆங்கில விதிக்குள் கொண்டுவந்தது. காணியும் வீடும் உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழேயே எஞ்சின. எனவே, கொழும்பிலோ கண்டியிலோ வீடு விற்பவன், தான் அறியாமலே, கேத்தோவின் தீர்ப்புக்கும் அடிமைச் சந்தையின் அட்டைக்கும் வாரிசாக நிற்கின்றான். மறைந்த குறை இருப்பின், விற்றவன் அதனை அறியாவிடினும் விலைக் குறைப்பையோ விற்பனை நீக்கத்தையோ கேட்கலாம். அறிந்து மறைத்தானாயின் நட்டஈடும் கேட்கலாம் என்பதே அச்சட்டத்தின் போக்கு. 'உள்ளது உள்ளபடி விற்கிறேன்' என்று உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளும் வழக்கம் அதே சட்டம் நிலவும் தென்னாபிரிக்காவிலே மிகுதி. ஆயினும், தெரிந்து வஞ்சிப்பவனை அவ்வாசகம் அங்கே காப்பதில்லை.

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறை எங்ஙனமிருக்கின்றது? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசின் முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் எழுத்திலே நிகழவேண்டும். நம் உறுதிகளை எடுத்துப் பாருங்கள். வடக்கே யார் காணி, கிழக்கே எந்த ஒழுங்கை, எத்தனை பரப்பு, பாட்டன் காலத்து உறுதி எத்தனையாம் இலக்கம் என்பனவெல்லாம் தவறாமல் எழுதப்பட்டிருக்கும். கிணற்றிலே பங்கு எவ்வளவு என்றுகூட இருக்கும். அக்கிணற்றின் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது இராது. உரிமையின் வரலாறு முழுவதும் உண்டு. பொருளின் நிலை பற்றி ஒரு வரியும் இல்லை. உடைமையைப் பற்றியே கவலை கொண்ட ஒரு சமுதாயத்தின் எழுத்து வேறெவ்விதம் இருக்கும்?

முற்காலத்திலே இதனாற் பெருங்கேடு விளையவில்லை எனலாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை, காணியை விற்கமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவித்து, அவர்கள் முதலிற் கேட்டு வாங்க இடமளித்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அவ்வுரிமையை ஒழுங்குபடுத்திற்று. வாங்குபவன் பெரும்பாலும் ஊரவன். எந்தக் கிணறு உவர், எந்த வளவிலே மாரி வெள்ளம் நிற்கும் என்பதை அவன் சிறுவயதிலேயே அறிவான். அவனிடம் எதையும் மறைக்க முடியாது. (அவ்வூரவனாகத் தகுதி பெறாதபடி சாதியினால் தள்ளிவைக்கப்பட்டவனுக்கு அந்த அறிவும் காணியும் கிட்டவில்லை என்பது வேறு கதை, சிறிய கதையுமன்று.) யுத்தத்தின் இடப்பெயர்வுகள் அந்த அறிவின் தொடர்ச்சியை அறுத்துவிட்டன. இன்று வளவை விற்பவன் தொரன்ரோவிலிருந்து விற்கின்றான். வாங்குபவன் படத்தைப் பார்த்து வாங்குகின்றான். நடுவிலே தரகர் நிற்கின்றார். ஊர் வாய் சொல்லிவந்ததை இனி விற்பவன் வாய்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் வில்லங்கமான ஒன்று எஞ்சி நிற்கின்றது. சுன்னாகத்தை எடுத்துக்கொள்வோம். மின் நிலையப் பகுதியிலிருந்து பரவிய எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளிலே கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிலே பெரும் பிரச்சினையாயிற்று. 2019இலே உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியொன்று இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்த்தது. சுண்ணக்கல்லின் ஊடே ஓடும் நீருக்கு வேலி தெரியாது. அங்கே வாழ்நாள் உழைப்பிலே வீடு கட்டிய தோட்டக்காரன் ஒருவன், பிள்ளையின் திருமணத்துக்காக அதனை விற்க நேர்ந்தால் என் செய்வான்? கிணற்றைப் பற்றிச் சொன்னால் விலை பாதியாகும். சொல்லாவிட்டால் அவன் தலையிலே பிறர் கொட்டிய கேட்டை இன்னொருவன் தலையிலே கொட்டுகின்றான்.

அவன் சொல்லத்தான் வேண்டும் என்பதிலே எனக்கு ஐயமில்லை. வாங்க வருபவனும் அவனைப் போன்ற ஒருவனே. வேறு நல்ல இடத்திலே வாங்க வசதியற்றவனே மலிவான வளவைத் தேடி வருவான். பொருளியலாளர் அக்கர்லோவ் 1970இல் காட்டியதுபோல, குறையை மறைப்போர் மலிந்த சந்தையிலே வாங்குவோர் எல்லாரையும் சந்தேகித்து எல்லாருக்கும் விலையைக் குறைப்பர். நல்ல கிணறுடைய அயலவனும் அதன் பயனை அனுபவிப்பான். ஆனால், அவனைச் சொல்லச் சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பிவிட முடியாது. செய்யாத குற்றத்தின் நட்டத்தைத் தனியொருவனாகச் சுமந்துகொண்டு உண்மை பேசுமாறு அவனைக் கேட்கின்றோம். கேட்டை விளைத்தவன் மீதும், அதனைத் தடுக்காத அரசின் மீதும் அந்நட்டம் முழுமையாக ஏற்றப்படாதவரை, நேர்மை என்பது வசதியுள்ளோர் வாங்கக்கூடிய பண்டமாகவே இருக்கும். மலையகத்திலே மண்சரிவு அபாயம் குறிக்கப்பட்ட சரிவுகளில் வீடு வைத்திருப்போரின் நிலையும் இதுவே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடங்கள் அபாயத்தைக் காட்டுகின்றன. அங்கிருந்து வெளியேறுவதற்குத் தேவையான பணம், அந்த அபாயத்தை இன்னொருவனுக்கு விற்பதன் மூலமே கிடைக்கும் என்றிருக்கும்போது, வரைபடம் எதனைத் தடுக்கும்?

நம் அண்டை நாடான இந்தியாவிலே, வாங்குபவன் விழிப்பாயிருக்கட்டும் என்று தம் நாட்டில் முழங்கிய அதே ஆங்கிலேயர், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவிலே, விற்பவன் தான் அறிந்ததும் வாங்குபவன் சாதாரண கவனத்தாற் காணமுடியாததுமான முக்கிய குறையைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவன் என்று எழுதிவைத்தனர். எழுத்திலே இருப்பது ஓர் ஆதாரம். நம்மிடம் அது பழைய டச்சு நூல்களிலே புதைந்து கிடக்கின்றது. வழக்கறிஞரல்லாத எவரும் அதனை அறியார். உறுதி முடிக்கும் நொத்தாரிசு, கிணறு, வெள்ளம், கூரை, கறையான், நிலச்சரிவு, யுத்தகாலத்து வெடிபொருள் அகற்றப்பட்டமை ஆகியன பற்றி விற்பவனைக் கேட்டு, அவன் விடையைக் கையொப்பத்தோடு உறுதியிலே ஓர் அட்டவணையாகச் சேர்க்குமாறு சட்டம் கட்டளையிடலாம். குடியிருப்போன் இருப்பின் அவனுக்கும் ஒரு பிரதி கொடுக்கப்படலாம். விற்பனையை வீணே தாமதிக்கும் என்று தரகர்கள் எதிர்ப்பர். எல்லைகளை நான்கு திசைக்கும் எழுத நேரமிருக்கும் நொத்தாரிசுக்குக் கிணற்றைப் பற்றி நான்கு வரி எழுதவும் நேரமிருக்கும். அவ்வரிகளுக்கெனத் தனி முத்திரைக் கூலி எதுவும் விதிக்கவேண்டியதில்லை.